சிப்பாய்க்கு உரிமை, கூலிக்காரருக்கு இலவசமா?

பென்ஷன் என்ற ஒரே சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் மூன்று விலை உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த ‘சொல்தா’ குடும்பத்துக்கு யூரோ கணக்கில் வருவது ஒன்று. இந்திய ராணுவத்தில் ஓய்வு பெற்றவருக்கு வருவது ஒன்று. பாகூர் வயல்களில் நாற்பது வருடம் நடவு நட்ட பாட்டிக்கு வருவது ஒன்று. முதல் இரண்டையும் யாரும் கேள்வி கேட்பதில்லை. மூன்றாவதற்கு மட்டும் ‘இலவசம்’ என்று பெயர்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் முதியோர், கைம்பெண் உதவித்தொகை விண்ணப்பங்களோடு அலைவது என் அன்றாட வேலை. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் செய்திகள் ஓடிக்கொண்டிருந்தபோது, காலனி இளைஞர்களோடு பட்ஜெட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: “எல்லையில சண்டை நடக்கும்போது பென்ஷன் பணத்தப் பத்திப் பேசலாமா அக்கா? தேசத்துரோகின்னு சொல்ல மாட்டாங்களா?”

அவருடைய பயம் நியாயமானது. நாம் கேள்வி கேட்டால் முதலில் நம் விசுவாசத்தைத்தான் சோதிப்பார்கள். ஆனால் இதே கேள்வியை நாட்டின் முதல் சட்ட அமைச்சரே கேட்டிருக்கிறார். 1951 அக்டோபர் 10 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் வெளியிட்ட பதவி விலகல் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இந்து சட்டத் தொகுப்பு மசோதா, பட்டியல் சாதியினர் புறக்கணிப்பு ஆகியவற்றோடு ராணுவச் செலவும் அதில் இருக்கிறது. ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாயில் சுமார் 180 கோடி ராணுவத்துக்குப் போகிறது என்று கணக்குக் காட்டினார். இந்தச் சுமைக்கு அரசின் வெளியுறவுக் கொள்கையே காரணம் என்றார்.

அவர் ராணுவத்தின் எதிரியா? அவருடைய அப்பா ராம்ஜி ஒரு சுபேதார். மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேயர் 1890களில் நிறுத்திய பிறகு, மகர் படைப்பிரிவு வேண்டும் என்று வாதாடியவர் அம்பேத்கர். 1941இல் அது உருவானது. சீருடை நம் மக்களுக்கு என்ன கொடுத்தது என்று அவருக்குத் தெரியும். நமக்கும் தெரியும். 1881 ஆணைக்குப் பிறகு பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வந்த புதுச்சேரிக் குடும்பங்களில் ஒடுக்கப்பட்டவர்கள் கணிசம். அப்படி வந்தவர்களில் பலர் இந்தோசீனா வரை போய்ப் பணியாற்றினார்கள். ராணுவத்தை மதிப்பதும் ராணுவச் செலவைக் கேள்வி கேட்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

இப்போது அண்மைய கணக்கு. 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். முந்தைய ஆண்டு 6.22 லட்சம் கோடி. ஒரே ஆண்டில் கூடியது 59,000 கோடிக்கு மேல். தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு, அதாவது நாடு முழுவதும் சுமார் மூன்று கோடி ஏழை முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு, 9,652 கோடி. முந்தைய ஆண்டும் அதே 9,652 கோடி. ஆண்டு முழுவதும் அவர்களுக்குத் தரும் பணம், ராணுவத்தின் ஐந்து நாள் செலவுக்குச் சற்றே அதிகம்.

60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு ஒன்றிய அரசு தருவது மாதம் 200 ரூபாய். 2007இலும் அதே 200தான். புதுச்சேரி அரசு தன் பணத்தைச் சேர்ப்பதால்தான் பாட்டியின் கைக்கு ஆயிரக்கணக்கில் வருகிறது. அதன்பின் அரிசி விலை எவ்வளவு ஏறியது என்பதை உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

ராணுவ ஓய்வூதியத்துக்கு விலைவாசி ஏற ஏற ஆண்டுக்கு இருமுறை அகவிலை நிவாரணம் கூடுகிறது. அது சரியானது. பென்ஷன் என்பது கருணை இல்லை, செய்த வேலைக்கான உரிமை என்று 1982இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த உரிமைக்காக முன்னாள் ராணுவத்தினர் 2015இல் ஜந்தர் மந்தரில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ வந்தது. நடவு நட்டவளும் வேலைதானே செய்தாள்? அவள் வேலைக்குச் சம்பளப் பதிவேடு இல்லை என்பதற்காக அவளுடைய பென்ஷன் பிச்சை ஆகிவிடுமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். ராணுவச் செலவு ஏறுவதால் சிப்பாயின் நிலையும் ஏறிவிடுவதில்லை. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு பணி. அதன்பின் 25 சதவீதம் பேர் வரைதான் தொடர முடியும். மற்றவர்களுக்குச் சுமார் 11.7 லட்சம் ரூபாய் உண்டு, பென்ஷன் கிடையாது. ஏரிக்கரையில் விடியற்காலையில் ஓடிப் பயிற்சி எடுக்கும் நம் தம்பிகள் நான்கு ஆண்டில் வீட்டுக்குத் திரும்பி வேறு வேலை தேட வேண்டும். பாட்டிக்கு 200இல் நின்றது, பேரனுக்கு இல்லாமலே போகிறது. ஆகவே இது சிப்பாய்க்கும் கூலிக்காரருக்கும் இடையிலான சண்டை இல்லை. இரண்டு பேரும் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

நாம் கேட்க வேண்டியது எளிமையானது. ராணுவப் பென்ஷனைப் போலவே முதியோர் பென்ஷனையும் விலைவாசியோடு இணையுங்கள். அதற்கு முன் அந்த 200ஐ இரட்டிப்பாக்குங்கள். திட்டத்தின் மொத்த ஒதுக்கீட்டையே இரட்டிப்பாக்கினாலும், பாதுகாப்புத் துறைக்கு ஒரே ஆண்டில் கூட்டிய தொகையில் ஆறில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். இதைத் தீர்மானமாகப் போட நமக்கு ஒரு பஞ்சாயத்து மன்றம்கூட இல்லை. எனவே படித்த நாம்தான் பட்ஜெட்டைப் படிக்க வேண்டும், காலனியில் வாசித்துக் காட்ட வேண்டும், நம் எம்.பி.யிடம் எழுத்தில் கேட்க வேண்டும். யாராவது ‘இலவசம்’ என்றால், அவள் எத்தனை வருடம் நடவு நட்டாள் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஜெய் பீம்.