சாம்பல் மாடும் இருட்டுச் சாலையும்

நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே இறங்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை, சுமார் 10 கிலோமீட்டரில் வேளாங்கண்ணியைத் தொட்டு, திருப்பூண்டி வழியாகத் திருத்துறைப்பூண்டிக்குப் போகிறது. காவிரியின் கடைமடைப் பகுதி இது. இருபுறமும் வயல். வயலுக்கும் சாலைக்கும் நடுவே பல இடங்களில் வாய்க்கால். சுற்றிலும் தாழ்ந்த நிலம் என்பதால், மழைக்காலத்தில் முதலில் ஈரம் காயும் மேடு சாலைதான்.

இந்த மண்ணின் மாடு உம்பளச்சேரி. தலைஞாயிறு பக்கத்தில் உள்ள உம்பளச்சேரி கிராமத்தின் பெயரையே தாங்கிய இனம். சேற்று உழவுக்குப் பேர்போனது. கன்று செந்நிறத்தில் பிறந்து, ஆறு மாதத்துக்குப் பிறகு சாம்பல் நிறத்துக்கு மாறும். இரவில் தார்ச்சாலையும் அதே சாம்பல்தான்.

தை, மாசியில் அறுவடை முடிந்தால் வயலெல்லாம் மேய்ச்சல் காடு. சம்பா நட்ட பிறகு மாட்டுக்கு மிஞ்சுவது வரப்பும் சாலையோரமும்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொட்டில் சேறாகிக் கொசு மொய்க்கும்போது, அவிழ்த்துவிட்ட மாடு காற்றாட சாலைக்கு வந்து படுத்து அசைபோடுகிறது.

ஒரு நொடிக்கு 17 மீட்டர்

60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக், ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். மாட்டைப் பார்த்து பிரேக்கில் கை வைக்கவே அந்த ஒரு நொடி போய்விடும். வண்டி முழுதாக நிற்க மொத்தம் 40 மீட்டராவது வேண்டும். ஈரச்சாலையில் இன்னும் அதிகம். தாழ்த்திய விளக்கில் சாலை தெரிவதே ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் சுமார் 20 மீட்டரில் நிறுத்திவிடலாம்.

மாடு அடிபட்டதைத்தான் ஊர் முதலில் பார்க்கிறது. ஆனால் பைக்கில் வந்தவரும் முன்னால் தூக்கி எறியப்படுகிறார். தலை, கழுத்துப்பட்டை எலும்பு, மணிக்கட்டு ஆகியவைதான் முதலில் தரையில் மோதும். ஒருபக்கமாகக் கால் போட்டுப் பின்னால் உட்கார்ந்து வரும் பெண்களுக்குப் பிடிமானமே இருப்பதில்லை. காரில் வருபவருக்கும் ஆபத்துதான். பம்பர் மாட்டின் காலைத்தான் அடிக்கும். உடல் பானெட் மேல் உருண்டு கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஓட்டுநரின் முகத்துக்கே வரும். பதறி ஸ்டியரிங்கை ஒடித்தால் வாய்க்காலில் கவிழ நேரும். நேராகப் பிடித்தபடி பிரேக் போடுவதே மேல்.

இதே சாலையில் ஆகஸ்ட் கடைசியில் காவி உடை அணிந்த பாதயாத்திரை பக்தர்கள் வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள். ஆகஸ்ட் 29-ல் கொடியேறி, செப்டம்பர் 8 வரை திருவிழா. வெயிலுக்குப் பயந்து இரவில் நடப்பவர்களும் உண்டு. ஆள்மீது மோதினாலும் பைக் சாயும்; ஓட்டியவரும் விழுவார். நடப்பவர்கள் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக நடப்பதும், பையின் பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் இரு தரப்பையும் காக்கும்.

அடிபட்ட பிறகு

விழுந்தவரின் கழுத்தை வளைக்காமல், அவசரப்பட்டு ஹெல்மெட்டைப் பிடுங்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். அடிபட்ட மாட்டுக்கு 1962. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சையை, நிர்ணயித்த வரம்புக்குள் கட்டணமின்றிப் பெறலாம். மாட்டில் மோதினால் இழப்பீடு கேட்க எதிர் வண்டி கிடையாது. அதனால் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, வண்டி உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு அதில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் அது கைகொடுக்கும். ஓட்டுநர் உரிமம் நடப்பில் இருக்க வேண்டும்.

மாட்டுக்காரருக்கும் பொறுப்பு உண்டு. ஆள் உயிருக்கு ஆபத்து வரும்படி கால்நடையைக் கவனிக்காமல் விட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

மோதியவரும் மாட்டுக்காரரும் பல நேரம் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள். ஒரு மோதலில் ஒரு வீட்டுக் கறவையும் இன்னொரு வீட்டு உழைக்கும் கையும் போகின்றன. பொழுது சாய்ந்ததும் மாட்டைப் பிடித்துக் கட்டுவதும், கொட்டிலில் மண்ணடித்து மேடாக்குவதும் செலவு குறைந்த வேலைகள். உம்பளச்சேரிக் காளைக்குக் கொம்பைத் தீய்த்துவிடுவது இங்கே வழக்கம். அதனால் ஒளிரும் பட்டையைக் கொம்பில் ஒட்ட வழியில்லை. கழுத்தில்தான் கட்ட வேண்டும்.