உடைஞ்ச பிரேக் லிவர்

தொரப்பள்ளி டீக்கடையில உட்கார்ந்திருக்கேன்.
1878-ல ராஜாஜி பிறந்த ஊர். இன்னைக்கு ஓசூர் ஷிப்டுக்குப் போற வண்டிங்க ஓயாம ஓடுது.

கையில உடைஞ்ச பிரேக் லிவர்.
உடைஞ்ச முகத்தை நகத்தால தடவினேன். ரவை மாதிரி நறநறன்னு இருக்கு. நடுவுல கடுகளவு ஓட்டை. வார்ப்புல சிக்கின காத்து.

இதைச் செஞ்சவங்க செலவு குறையும்னு ஃபோர்ஜிங்கை விட்டுட்டு காஸ்டிங்குக்குப் போயிருக்காங்க.

காஸ்டிங் மட்டம்னு சொல்லல.
இன்ஜின் பிளாக் மாதிரி உள்ளே குடைவு இருந்தா, உருக்கி ஊத்தறதுதான் சரி.
ஆனா திரும்பத் திரும்ப அடி வாங்கற பாகம் வேற. ஸ்டீலை 1,200 டிகிரி கிட்ட காய்ச்சி டையில (அச்சுல) அடிச்சா, அதாவது ஃபோர்ஜ் பண்ணா, உள்ளிருக்கற இழை பாகத்தோட வளைவுலயே ஓடும். மரத்துல ரேகை ஓடற மாதிரி. அந்த பலம் வார்ப்புல வராது.

டைக்கு முதல்லயே நிறைய பணம் போடணும், உண்மைதான். பத்து பீஸ் போதும்னா ஸ்டீல் பாரை வாங்கிக் கடைஞ்சுக்கலாம்.
ஆயிரக்கணக்குல வேணும்னா டை செலவு எல்லா பீஸுக்கும் பிரிஞ்சு போயிடும்.

கொட்டேஷன்ல கிலோ விலை பார்க்கறதுக்கு முன்னாடி, இந்தப் பாகம் என்ன அடி வாங்கும்னு ஒரு தடவை கேளுங்க.
அதை நம்பித்தான் ஒருத்தர் பிரேக் பிடிக்கிறாரு.