பாம்பு, பச்சை, பத்திரிசியார்: அம்மாவும் மகளும் ஆடிய பத்து கேள்வி ஆட்டம்

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் போன் பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். 'சாப்பிட்டியா?', 'அங்க குளிரா?', 'மாத்திரை போட்டீங்களா?' மூன்று கேள்வி. மூன்றுக்கும் ஒரே பதில், ஆமாம். அதன் பிறகு இரண்டு பக்கமும் மௌனம். 'சரி, வச்சிரட்டா?'

நாகர்கோவில் பக்கம் தனியாக இருக்கும் ஓர் அம்மாவும், டப்ளினில் நர்ஸாக இருக்கும் அவருடைய மகளும் இந்த மௌனத்துக்கு ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். தினசரி க்விஸ். மகளின் போனில் நாளுக்குப் பத்து கேள்வி வரும். ஒரு நாள் மீன்கள், ஒரு நாள் ஒலிம்பிக்ஸ், ஒரு நாள் பழைய சினிமா. நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் போகும்போது மகள் கேள்வியைத் தமிழில் சொல்வார். அம்மா ஏ, பி, சி, டி என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார். விடை தெரியாவிட்டால் எப்போதும் 'சி'தான். அது அவருடைய கொள்கை.

மார்ச் 17 அன்று வந்த தலைப்பு, புனித பாட்ரிக். அயர்லாந்தின் பாதுகாவலர். அன்று அந்த நாட்டுக்கே விடுமுறை. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு அவர் பத்திரிசியார். யாழ்ப்பாணத்தில் அவர் பெயரில் பழம்பெரும் கல்லூரி ஒன்று உண்டு. வழிபாட்டு நாட்காட்டியைக் கரைத்துக் குடித்தவர் அம்மா.

"புனிதர்னா நம்ம பாடமாக்கும். பத்துக்குப் பத்து பாரு" என்றார்.

முதல் கேள்வியிலேயே சறுக்கியது. பாட்ரிக் பிறந்தது எங்கே? அம்மா சற்றும் யோசிக்காமல் அயர்லாந்து என்றார். தப்பு. ரோமானியர் ஆட்சியின் கீழ் இருந்த பிரிட்டனில் பிறந்தவர் அவர். அப்பா திருத்தொண்டர், தாத்தா குரு. ஓரளவு வசதியான குடும்பம்.

இரண்டாவது கேள்வி, அவர் அயர்லாந்துக்கு எப்படி வந்தார்? கொள்கைப்படி 'சி'. அது சரியாகிவிட்டது. ஆனால் விடையைக் கேட்டதும் அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. ஏறக்குறைய 16 வயதில் கடற்கொள்ளையர்கள் அவரைப் பிடித்துப்போய் அடிமையாக்கியிருக்கிறார்கள். ஆறு வருடம் மழையிலும் பனியிலும் ஆடுமாடு மேய்த்திருக்கிறார்.

"பதினாறு வயசுப் பிள்ளயவா?"

"ஆமாம்மா. அடுத்த கேள்விக்குப் போகட்டா?"

அடுத்தது பாம்பு. அயர்லாந்தில் இருந்த பாம்புகளை எல்லாம் பாட்ரிக் கடலுக்குள் விரட்டினார் என்பது கதை. அம்மா இதைச் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறார். உண்மையில் விரட்ட அங்கே பாம்பே கிடையாது. பனியுகத்தில் அந்தத் தீவு பாம்பு வாழ முடியாத அளவுக்கு உறைந்துகிடந்தது. பனி உருகியபோது கடல் மட்டம் ஏறி, நிலத்தோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. பாம்பு ஊர்ந்து வர வழி இல்லாமல் போனது. அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "படத்துல காலடியில பாம்பு போட்டிருப்பாங்களே" என்று கொஞ்ச நேரம் வாதாடினார்.

நான்காவது, பாட்ரிக்கின் நிறம். ஊரே பச்சை உடுத்துகிற நாளில் யார்தான் வேறு சொல்வார்கள்? ஆனால் க்விஸ் கேட்ட பழைய நிறம் நீலம். 1783இல் அவர் பெயரில் ஏற்படுத்திய வீரர் பட்டத்துக்கு நீலத்தைத்தான் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்தவர்கள் பச்சையைக் கையில் எடுத்தபிறகு பச்சை வென்றது.

மூவிலைச் செடிக்கு எத்தனை இலை என்ற கேள்வியில் மதிப்பெண் கிடைத்தது. ஒரே காம்பில் மூன்று இலை. மூவொரு கடவுளை விளக்க பாட்ரிக் அதைக் காட்டினார் என்பார்கள். அந்தக் கதையும் அவர் காலத்துக்கு வெகு பின்னால் எழுதப்பட்டதுதான். திருவிழா எந்தக் காலத்துக்குள் வருகிறது என்ற கேள்விக்கு அம்மா முந்திக்கொண்டு "தவக்காலம்" என்றார். சரி. அதனால்தான் அயர்லாந்தில் அன்று ஒரு நாள் நோன்பைத் தளர்த்தும் வழக்கம் இருந்தது.

ஏழாவது, அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த போப் யார்? விடை, யாரும் இல்லை. அவர் வாழ்ந்தது ஐந்தாம் நூற்றாண்டு. ரோம் விசாரித்துப் பட்டம் கொடுக்கும் முறை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மக்கள் அவரைப் புனிதர் என்று அழைத்துவிட்டார்கள். கோட்டாறு பேராலயத்தில் அடக்கமாகியிருக்கும் தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15 அன்று ரோமில் பட்டம் கொடுத்ததை டி.வி.யில் முழுதாகப் பார்த்த அம்மாவுக்கு இது பெரிய ஆச்சரியம்.

எட்டாவது, பாட்ரிக் தின ஊர்வலம் முதலில் எங்கே நடந்தது? "இது கண்டிப்பா அயர்லாந்து" என்றார் அம்மா. இல்லை, அமெரிக்காவில். நியூயார்க்கில் 1762இல் நடந்ததை வெகுகாலம் முதல் ஊர்வலம் என்று சொல்லிவந்தார்கள். இப்போது அதற்கும் முன்பே, 1601இல் ஃபுளோரிடாவில் ஸ்பானியர்களின் குடியிருப்பு ஒன்றில் நடந்ததற்கு ஆவணம் கிடைத்திருக்கிறது. அயர்லாந்தில் இது பொது விடுமுறையானதே 1903இல்தான். 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தது. சுமார் பத்து லட்சம் பேர் மடிந்தார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் கப்பல் ஏறினார்கள். போன இடத்தில் 'நாங்களும் இங்கே இருக்கிறோம்' என்று காட்ட அவர்களுக்குக் கிடைத்த நாள் இது. சிகாகோவில் 1962 முதல் ஆற்றையே பச்சையாக்குகிறார்கள். குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்க பிளம்பர்கள் பயன்படுத்திய சாயத்தில் இருந்து வந்த யோசனை. முதல் வருடம் நூறு பவுண்டு சாயம் கொட்டியதில் ஆறு ஒரு வாரம் பச்சையாகவே ஓடியது.

ஒன்பதாவது, இந்த நாளுக்கு விடுமுறை விடும் கரீபியன் தீவு எது? மறுபடியும் 'சி', மறுபடியும் அதிர்ஷ்டம். மாண்ட்செராட். ஆனால் காரணம் கசப்பானது. அங்கே குடியேறிய அயர்லாந்துக்காரர்களில் பலர் தோட்ட முதலாளிகள். ஆப்பிரிக்கர்களை அடிமையாக வைத்திருந்தவர்கள். 1768 மார்ச் 17 அன்று, முதலாளிகள் விருந்தில் இருக்கும் நேரம் பார்த்து எழ அடிமைகள் திட்டமிட்டார்கள். விஷயம் கசிந்து, ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் அங்கே விடுமுறை.

"அடிமையா இருந்தவரு திருநாள்லயா அடிமைய வச்சிருந்தவன் விருந்து சாப்பிட்டான்?" என்றார் அம்மா. பாட்ரிக் எழுதியதாக இன்று கையில் இருப்பது இரண்டே எழுத்து. அவற்றில் ஒன்று, தான் ஞானஸ்நானம் கொடுத்தவர்களைக் கொன்றும் பிடித்துப்போய் விற்றும்விட்ட ஒரு படைத்தலைவனின் ஆட்களைக் கண்டித்து எழுதிய கடிதம்.

கடைசிக் கேள்வி. அயர்லாந்திலிருந்து தப்பி வீடு சேர்ந்த பாட்ரிக், பிறகு என்ன செய்தார்? ஏ, ரோமுக்குப் போனார். பி, பெற்றோருடன் தங்கிவிட்டார். சி, அயர்லாந்துக்கே திரும்பிப் போனார். டி, படையில் சேர்ந்தார்.

இந்த ஒருமுறை அம்மா கொள்கையைக் கைவிட்டார். "பி."

தப்பு. பத்துக்கு நான்கு.

"அவ்வளவு பட்டுத் தப்பிச்சு வந்தவரு, எதுக்கு மக்ளே திரும்பிப் போனாரு?"

க்விஸ் அதற்குப் பதில் சொல்லவில்லை. மகளும் சொல்லவில்லை. அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று இருவருக்குமே தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால் மகள் ஒரு செய்தி சொல்லியிருந்தார். அயர்லாந்தில் ஐந்து வருடம் முடிந்துவிட்டது, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். "உனக்கு எது நல்லதோ அதச் செய்" என்று அம்மா அன்று முடித்துக்கொண்டார். அதன் பிறகு க்விஸ் நடந்தது. அந்தப் பேச்சு மட்டும் நடக்கவில்லை.

அன்று ஊர்வலத்துக்காகச் சாலைகளை மறித்திருந்ததால் பஸ் சுற்றிப் போனது. வீட்டுக்கு வந்த மகள் தூங்கவில்லை. பாட்ரிக்கின் மற்றொரு எழுத்தான 'கன்ஃபெஸியோ'வை எடுத்துப் படித்தார். தன் வாழ்க்கையைப் பற்றி அவரே எழுதிய சின்னப் புத்தகம் அது. மறுநாள் மதியம் அம்மாவிடம் க்விஸ் சொல்லாமல் அதைச் சொன்னார். வீடு திரும்பியவரைச் சொந்தங்கள் மகனாகவே அணைத்துக்கொண்டார்களாம். இத்தனை பட்டது போதும், இனி எங்களை விட்டு எங்கும் போகாதே என்று கெஞ்சினார்களாம். ஒரு நாள் கனவில் அயர்லாந்து மக்களின் குரல் கேட்டதாம், எங்களிடம் வா என்று.

"அதுக்காகப் போயிட்டாரு?"

"போயிட்டாரும்மா. ஆனா ஊருக்கு ஒரு தடவ போயிட்டு வரணும், சொந்தங்களப் பாக்கணும்னு ரொம்ப ஆசைன்னும் எழுதியிருக்காரு. எடுத்த வேலை பாதியில நின்னுரும்னு பயந்துதான் போகல."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஆசை இருந்திச்சுல்லா?"

"இருந்துச்சு. எழுதியே வச்சிருக்காரு."

மறுபடியும் மௌனம். ஆனால் 'சரி, வச்சிரட்டா' வரவில்லை.

"மக்ளே, இன்னைக்கு நான் கேள்வி கேக்கேன். கோட்டாறு சவேரியாருக்கு எந்த ஊரு? ஏ, ஸ்பெயின். பி, கோவா. சி, கோட்டாறு."

1506இல் இன்றைய ஸ்பெயினின் நவார் பகுதியில் பிறந்தவர் சவேரியார். 1541இல் லிஸ்பனில் கப்பல் ஏறியவர், பிறகு ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் படித்தது மகளுக்கு மறக்கவில்லை. "ஏ" என்றார்.

"தப்பு. டிசம்பர் 3ன்னா நம்ம மாவட்டத்துக்கே லீவு விடுதாங்க. அவரு கோட்டாறுக்காரராக்கும்."

மகள் சிரித்தார். விண்ணப்பம் ஏப்ரலில் போனது. அதே வாரம் மருத்துவமனையில் லீவுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்: நவம்பர் கடைசியிலிருந்து மூன்று வாரம், தேர் பார்த்துவிட்டுத் திரும்புகிற மாதிரி.