நத்தத்தில் இரண்டு கட்சி

தூத்தூர்க்காரருக்குக் கிரிக்கெட் ஆகாது. குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், இரையுமன்துறையிலிருந்து நீரோடி வரை கடலை ஒட்டி நெருக்கியடித்து நிற்கும் மீனவ ஊர்களில் இது பெரிய குற்றமில்லை. அங்கே கால் பதிய மணல் இருந்தால் போதும், கால்பந்தும் வந்துவிடும். சுறா பிடிக்க ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் கரை காணாத ஆட்கள் இறங்கியதும் முதலில் மீன் விலையை விசாரிப்பார்கள், அடுத்து ஊர் டீம் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். பக்கத்து இரவிபுத்தன்துறையில் பந்தடித்து வளர்ந்த மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் வரை போனதைத் தூத்தூர்க்காரர் தன் உடன்பிறந்த தம்பி போனது மாதிரிதான் சொல்வார்.

அப்படிப்பட்டவர் 2025 ஜூலையில் திண்டுக்கல் பக்கம் வந்தது ஒரு கிரிக்கெட் அணியைப் பற்றி எழுத. எழுத ஒப்புக்கொண்டதே, ‘இதெல்லாம் ஒரு கிளப்பா?’ என்று கேட்டுவிட்டு வரலாம் என்ற நினைப்பில்தான்.

கிளப் என்றதும் அவர் மனதில் வருவது கிளாக்ஸ்விக். ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே கடலில் கிடக்கும் பரோயே தீவுகளில் அது இரண்டாவது பெரிய ஊர். மக்கள் ஐயாயிரம் சொச்சம். தீவுகள் அத்தனையையும் கூட்டினாலும் ஏறக்குறைய 55,000 பேர்தான். ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்கு மீன். 1904-ல் தொடங்கிய அதன் கால்பந்து கிளப் கே.ஐ. கிளாக்ஸ்விக், 1942-ல் நடந்த முதல் பரோயே லீக்கை வென்றது. அப்புறம் ஏறி இறங்கி, 1999-க்குப் பின் இருபது வருஷம் லீக் பட்டம் கிடைக்காமல் கிடந்து, 2019-ல் மறுபடி எழுந்தது. 2023 ஜூலையில் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஹங்கேரியின் பெரெங்க்வாரோஸை அதன் சொந்த புடாபெஸ்டிலேயே 3-0 என்று சாத்தியது. தோற்றவர்கள் தங்கள் பயிற்சியாளரை உடனே வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே பருவத்தில், ஐரோப்பியப் போட்டி ஒன்றின் குரூப் சுற்றில் ஆடிய முதல் பரோயே கிளப் என்ற பெயரையும் கே.ஐ. எடுத்தது. ஸ்லோவேனியாவின் ஒலிம்பியா 3-0 வாங்கிக்கொண்டு போனது. பிரான்சிலிருந்து வந்த லீல் ஒரு கோல்கூடப் போட முடியாமல் 0-0 என்று திரும்பியது. ஒரு மீன்பிடி ஊர் தன் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் சாதித்ததில் தனக்கும் ஏதோ பங்கு இருப்பதாக தூத்தூர்க்காரருக்கு ஒரு நினைப்பு.

‘தன் பிள்ளைகள்’ என்பதில் கொஞ்சம் கலப்படம் உண்டு. புடாபெஸ்டில் கோல் போட்ட லூக் கஸ்ஸி ஐவரி கோஸ்ட்காரர். பயிற்சியாளர் மாக்னே ஹோசெட் நார்வேக்காரர். லீலை நிறுத்திவைத்த ஆட்டமும் கிளாக்ஸ்விக்கில் நடக்கவில்லை, தலைநகர் டோர்ஸ்ஹவனில் நடந்தது. கதை சொல்லும்போது இந்த இடங்களை மட்டும் அவர் வேகமாகத் தாண்டிவிடுவார்.

அவர் எழுத வந்த திண்டுக்கல் டிராகன்ஸ் கிளாக்ஸ்விக்குக்கு நேர் எதிர் என்பது அவர் வாதம். 2016-ல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் டி.என்.பி.எல். லீக்கைத் தொடங்கியபோது எட்டு அணிகளை எட்டு முதலாளிகளுக்குக் கொடுத்தது. முன்னால் ஊர்ப் பெயர், பின்னால் ஒரு மிருகமோ வீரப் பட்டமோ. திண்டுக்கல்லுக்கும் டிராகனுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. முதல் வருஷமே இந்த அணியின் பெயரை வெளியே கொண்டுபோனவர் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். தூத்துக்குடி அணிக்கு எதிரான சூப்பர் ஓவரில் ஆறு பந்தும் யார்க்கர். அடுத்த வருஷம் ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி ரூபாய். அப்புறம் ஜெகதீசன், அவர் கோயம்புத்தூர். அஸ்வின், சென்னை. வெளியூரிலிருந்து எடுத்த ஆட்களுக்கு ஊர் எதற்கு, அடையாள அட்டை போதாதா என்பது தூத்தூர்க்காரரின் கிண்டல்.

அவர் கையில் ஒரு முன்னுதாரணமும் தயாராக இருந்தது. சென்னை சிட்டி எஃப்.சி. என்று ஒரு கால்பந்து கிளப். பெயர் சென்னை, ஆடியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். 2019 மார்ச் 9-ல் மினெர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது. சில வருஷத்திலேயே ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயரே இல்லாமல் போனது. ஊர் இல்லாத கிளப் இப்படித்தான் ஆவியாகும் என்பார். அதே 2019-ல் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக்கை எடுத்த மதுரைப் பக்கத்து சேது எஃப்.சி.யை மட்டும் அவர் திட்டமாட்டார். அங்கேயும் மணிப்பூரிலிருந்து வந்த பெண்கள்தான் பலம். ஆனால் அது கால்பந்து. கால்பந்துக்கு அவரிடம் தனித் தராசு.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. வலது கையில் சிறுமலை, சாணார்பட்டி தாண்டியும் விடாமல் கூடவே வந்தது. மற்றபடி புளியமரம், மாந்தோப்பு, செம்மண், மூடிக் கிடந்த ஒரு கல்யாண மண்டபம். கடலோரத்து ஆளுக்கு இந்தச் சமவெளி ஒருவித மூச்சுமுட்டல். எந்தப் பக்கம் பார்த்தாலும் தூரத்தில் ஒரு மலை குறுக்கே நின்றது.

டிராகன்ஸின் சொந்த மைதானம் திண்டுக்கல்லில் இல்லை, நத்தத்தில் ஒரு கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது என்பது அவருக்குக் கிடைத்த அடுத்த அவல். என்.பி.ஆர். கல்லூரி மைதானம். காவலாளி வெளியில் நின்று பார்க்க விட்டார். தோப்புகளுக்கு நடுவில் அப்படி ஒரு பச்சை. கொஞ்சம் அசந்துதான் போனார். போனில் தேடினால் 2019 டிசம்பர் ரஞ்சி ஆட்டம் வந்தது. தமிழ்நாட்டுக்கு வேண்டியது 181. கர்நாடகத்தின் கிருஷ்ணப்பா கௌதம் 60 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுக்க, 154-ல் சுருண்டு, 26 ரன்னில் தோல்வி. இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்துக் கௌதமுக்கு 14 விக்கெட். கிரிக்கெட் ஆகாதவர் அந்த ஸ்கோர்கார்டை நின்றபடியே முழுசாகப் படித்தார். பசி வந்து நிறுத்தியது.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெஸ்ஸில் மீன் கேட்டதே வம்பு. ஜிலேபிதான் இருக்கிறது என்றார்கள். குளத்து மீன். சாளையும் அயிலையும் நெய்மீனும் தின்ற நாக்கு அதை மீன் கணக்கிலேயே சேர்க்காது. மண் வாடை அடிக்கும் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒன்று சொன்னார். வந்தது, முழுசாகக் கீறி மிளகாயும் மிளகும் பூண்டும் அரைத்துப் பூசி, தோல் கருகும் வரை கல்லில் போட்டு எடுத்தது. முள்ளெல்லாம் ஒரே இழுப்பில் வந்தது. இரண்டாவது கேட்கும்போது குரல் இறங்கியிருந்தது.

எதிர்ப் பெஞ்சில் ஒரு மாங்காய் வியாபாரி. ஐம்பது தாண்டியவர். கூடவே அக்கா மகன், இருபத்திரண்டு இருபத்துமூன்று இருக்கும். சீசன் ஓய்கிற நேரம். கடைசி லோடு காசாலட்டுக்குப் போட்ட விலையைப் பற்றி ஆரம்பித்த பேச்சு, எந்த வளைவில் திரும்பியதென்று தெரியாமல், முந்தின வாரம் ஜூலை 6-ல் முடிந்த டி.என்.பி.எல். இறுதி ஆட்டத்துக்குள் போய் நின்றது. நடந்தது இதே நத்தத்தில். திருப்பூர் தமிழன்ஸ் 220. டிராகன்ஸ் 102-க்கு ஆல் அவுட். 118 ரன் வித்தியாசம்.

“வீட்டு வாசல்ல வச்சே வாங்குனீகளேடா” என்றார் மாமா. அதில் இருந்த குஷியைக் கேட்டுத்தான் தூத்தூர்க்காரர் தலையைத் தூக்கினார். ஊர் அணி தோற்றதற்கு ஊர்க்காரர் எதற்குச் சிரிக்கிறார்?

“மாமா மதுரைக் கட்சிண்ணே” என்றான் பையன், இவர் பார்ப்பதைக் கவனித்துவிட்டு. “பாந்தர்ஸ்.”

“நான் பொறந்தப்ப இது மதுரை மாவட்டம் சார். படிச்சப்ப மதுரை. பொண்ணு பாத்தது மதுரை. ஆஸ்பத்திரின்னா மதுரை, தீபாவளித் துணின்னா மதுரை. நடுவுல எவனோ கோடு போட்டான்னு நான் திண்டுக்கல்லுக்குக் கை தட்டணுமா?”

கோடு போட்டது 1985 செப்டம்பர் 15. அன்றுதான் மதுரையிலிருந்து திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது. நத்தத்திலிருந்து இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தூரம். 2023-ல் மதுரையின் நத்தம் சாலையில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பறக்கும் பாலம் திறந்தபின் மதுரை இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது. பையன் பிறந்தது கோடு போட்டு வெகுநாள் கழித்து. அவனுக்குப் பிறப்புச் சான்றிதழிலும் ஓட்டுநர் உரிமத்திலும் திண்டுக்கல். ஒரே குடும்பத்தில் மாமா ஒரு மாவட்டம், மருமகன் ஒரு மாவட்டம்.

அப்புறம் இருவரும் வருஷம் வருஷமாக இறங்கினார்கள். 2018 இறுதி ஆட்டம் மாமாவின் பொக்கிஷம்: டிராகன்ஸ் 117-க்குச் சுருள, மதுரை ஏழு விக்கெட்டில் ஜெயித்துக் கோப்பையை எடுத்தது. பையன் 2024 ஆகஸ்ட் 4-ஐப் போட்டான். சேப்பாக்கத்தில் கோவை கிங்ஸை ஆறு விக்கெட்டில் வென்று டிராகன்ஸ் தன் முதல் கோப்பையைத் தூக்கிய நாள். எலிமினேட்டரில் 57, அடுத்த ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 69, இறுதியில் 52 என்று அஸ்வின் வரிசையாக மூன்று அரைச் சதம் அடித்ததை ஒப்பிப்பதுபோலச் சொன்னான். “அந்த டீம்ல வருண் சக்கரவர்த்தி யாருடா? 2018-ல எங்க ஆளு” என்றார் மாமா. பையன் ஒரு கணம் தடுமாறினான். பிறகு அந்த வருஷம் ஜூனில் சேலத்தில் டிராகன்ஸ் மதுரையை ஒன்பது விக்கெட்டில் அடித்ததை எடுத்தான். பந்தைச் சேதப்படுத்தியதாக மதுரை அணி புகார் கொடுத்த ஆட்டம் அது. ஆதாரமில்லை என்று லீக் தள்ளிவிட்டது. மாமா புகாரோடு நிறுத்தினார், பையன் தள்ளுபடியிலிருந்து ஆரம்பித்தான். சோறு ஆறிக்கொண்டிருந்தது. மெஸ்காரர் ரசத்தை வாளியோடு அவர்கள் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மைதானம் யாருடையது என்பதில்தான் சத்தம் கூடியது. டி.என்.பி.எல். ஆட்டம் அதுவரை மதுரையில் நடந்ததே இல்லை. மதுரை அணியை மதுரைக்காரர்கள் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் நத்தத்துக்குத்தான் வர வேண்டியிருந்தது. “அப்ப இது எங்க கிரவுண்டு” என்றார் மாமா, ஒரு பிடி சோற்றைக் கையில் வைத்தபடி. பையன் பதிலே சொல்லாமல் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினான். அதில் கடைப் பெயருக்குக் கீழே ‘நத்தம், திண்டுக்கல் மாவட்டம்’ என்று அச்சடித்திருந்தது.

தூத்தூர்க்காரர் சும்மா இருந்திருக்கலாம். வந்த வேலை ஞாபகம் வந்துவிட்டது. “ரெண்டு டீம்லயும் உங்க ஊர்க்காரன் எத்தனை பேரு?”

சண்டை அப்படியே நின்றது. இருவரும் ஒரே கட்சியாகி இவர் பக்கம் திரும்பினார்கள். “ஊர்க்காரன் மட்டும்தான் ஆடணும்னா ஊருக்குள்ளேயே ஆட வேண்டியதுதானேண்ணே” என்றான் பையன். இவர் சூசைராஜை எடுத்து விட்டார். மணலில் ஆடிய பையன், எவ்வளவு தூரம் போனான் பாருங்கள் என்று.

“எந்த டீம்?”

சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா என்று சொல்லச் சொல்ல, அந்தப் பட்டியல் இவருக்கே வேறு மாதிரி கேட்டது. கடலோரத்தில் ஆள் இருக்கிறது, அந்த ஆள் சட்டையில் குத்திக்கொள்ள ஊர்ப் பெயர் கிடையாது. இங்கே பெயர் இருக்கிறது, ஆள் வெளியூர். சூசைராஜ் கோல் போட்டபோது ஜாம்ஷெட்பூரில் யாராவது ஒரு மாமாவும் மருமகனும் தங்கள் பிள்ளை என்றுதான் கத்தியிருப்பார்கள்.

“ஆமா, உங்களுக்கு எந்த ஊரு சார்?” என்றார் வியாபாரி.

“கன்னியாகுமரி மாவட்டம். தூத்தூர்.”

அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. “அது முன்ன திருவிதாங்கூர்ல இருந்ததுல்ல? அம்பத்தாறுல சேந்தது.” 1956 நவம்பர் 1, தேதி இவருக்கும் மனப்பாடம். “அப்ப என் நியாயப்படி நீங்க கேரளா டீமு. என்ன பேரு அது… பிளாஸ்டர்ஸா?”

தூத்தூர்க்காரர் மீன் முள்ளை இலையோரம் ஒதுக்கினார். “ஓ. பிளாஸ்டர்ஸ்தான்.”

“பாத்தியாடா!” மாமா மேஜையில் ஒரு தட்டுத் தட்டியதில் ரச வாளி ஆடியது. பையன் அதற்குள் போனை எடுத்துவிட்டான். கேரளா பிளாஸ்டர்ஸ், 2014-ல் ஐ.எஸ்.எல்.லுக்காக ஏலத்தில் பிறந்த அணி. ஆரம்பத்தில் பங்குதாரர் சச்சின் டெண்டுல்கர். மாஸ்டர் பிளாஸ்டர் என்ற அவர் பட்டத்திலிருந்து வந்ததுதான் அணியின் பெயரே. பையன் இதைச் சத்தமாகப் படித்துவிட்டு, கிரிக்கெட் பிடிக்காத அண்ணனை ஒரு முறை நன்றாகப் பார்த்தான்.

“எத்தனை ஃபைனல்ண்ணே தோத்தாங்க?”

“மூணு. 2014, 2016, 2022.”

“சொந்த ஊர்லயுமா?”

“2016-ல கொச்சியிலேயே. பெனால்டியில.”

“நாங்களும் மூணுதான். பதினெட்டு, பத்தொம்பது, இப்ப இது.” பையன் விரலை மடக்கினான். “ஆனா நாங்க ஒண்ணு ஜெயிச்சிருக்கோம்ல.”

மாமா அவசரமாகக் குறுக்கிட்டு, அந்த ஒன்றுக்கும் வருண்தான் காரணம் என்றார். பில் வந்தது. மூன்று பேருக்கும் சேர்த்துத் தானே கொடுப்பேன் என்று அவர் அடம்பிடிக்க, மதுரைக்காரர் காசு எங்களுக்கு வேண்டாம் என்று பையன் தன் பங்கையும் தூத்தூர்க்காரர் பங்கையும் எண்ணி வைத்தான்.