பழைய வேனுக்குப் புது இழுவை: சேலம் – நாமக்கல் பட்டறைகளில் எஞ்சின் மாற்றும் வேலை

பழைய வேனில் கூடுதல் திறனுள்ள எஞ்சினை ஏற்றும் வேலை, சேலம் – நாமக்கல் சமவெளியில் லாரித் தொழிலின் நிழலில் வளர்ந்தது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். சங்ககிரி லாரிக்காரர்களின் ஊர். திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போனது. ரிக் வண்டியில் லாரியை ஓட்டும் எஞ்சின் போக, கம்ப்ரசரை இயக்க இன்னொரு பெரிய எஞ்சினும் சேசிஸ் மேல் உட்கார்ந்திருக்கும். இத்தகைய வேலைகளில் பழகிய கைகளுக்கு வேன் எஞ்சின் புதிதல்ல.

இந்த வேலைக்கு வரும் வண்டிகளில் டெம்போ டிராவலர் முக்கியமானது. பஜாஜ் டெம்போ நிறுவனம் டெய்ம்லர்–பென்ஸ் கூட்டுறவுடன் 1987இல் அதை அறிமுகப்படுத்தியது. தொடக்க காலத்து வண்டிகளில் இருந்தது மெர்சிடிஸின் ஓ.எம். 616 வகையைச் சேர்ந்த, டர்போ இல்லாத 2.4 லிட்டர் டீசல் எஞ்சின். திறன் ஏறக்குறைய 70 குதிரைத்திறன். ஆள் ஏற்றிச் சமவெளியில் ஓட அது போதும். அதே வண்டியில் கட்டில், அடுப்பு, அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 100 லிட்டர் தண்ணீர் மட்டுமே 100 கிலோ.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டு வாசலிலிருந்து அப்படியொரு வண்டி கிளம்பினால், சிறிது நேரத்தில் ஏற்காட்டு அடிவாரம் வந்துவிடும். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல் பக்கம் கொல்லிமலைக்கு 70 வளைவுகள். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப்போகக் காற்று மெலிவதால், டர்போ இல்லாத எஞ்சின் சேலத்தில் தரும் திறனில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கை அங்கே இழந்துவிடும். டர்போ காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் தள்ளுவதால் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டுகிறது. ஆகவேதான் உரிமையாளர்கள் டர்போ எஞ்சினைத் தேடுகிறார்கள்.

வேலை தொடங்குவது அளவெடுப்பில். பழைய எஞ்சினைச் செயின் பிளாக்கில் தூக்குவதற்கு முன்பே, அது உட்கார்ந்திருந்த உயரமும் சாய்வும் சேசிஸில் குறிக்கப்படும். புது எஞ்சினைத் தொங்கவிட்டபடியே இறக்கிப் பார்ப்பார்கள். ஆயில் சம்ப் குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதா, ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடைவெளி இருக்கிறதா என்று கவனிப்பார்கள். “தம்பி, ஒரு நூல் பின்னாடி தள்ளு” என்று மேஸ்திரி சொன்னால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இடம் உறுதியான பிறகே மவுண்டிங் வெல்டிங் ஆகும். நடுவே ரப்பர் புஷ் வைப்பார்கள். இல்லையென்றால் அதிர்வு முழுதும் பாடிக்கு ஏறி, நாளடைவில் வெல்டிங்கே விரிசல் விடும்.

மிக நுட்பமான கட்டம், எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைப்பது. இரண்டின் போல்ட் துளைகளும் பொருந்தாவிட்டால் லேத்தில் ஓர் இடைத்தகடு கடைய வேண்டும். கிராங்க் சாஃப்டும் கியர் பாக்ஸ் சாஃப்டும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். ஃப்ளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, கையால் மெல்லச் சுற்றி, முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மேல் ஆடினால் தகட்டைக் கழற்றி மறுபடி சரிசெய்வதே முறை. இதை விட்டுவிட்டால் கிளட்ச் பிளேட்டும் பைலட் பேரிங்கும் சீக்கிரமே போகும். ஜாயின்ட் சாஃப்டின் இரு முனைகளிலும் கோணம் சமமாக இல்லாவிட்டால், வேகம் கூடும்போது வண்டி நடுங்கும்.

அடுத்தது வெப்பம். திறன் கூடினால் வெளியேற்ற வேண்டிய சூடும் கூடும். பழைய ரேடியேட்டர் தாங்காது. பெரியதாக மாற்றி, முன்பக்கம் காற்று படும் இடத்தில், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் அமைக்கவேண்டும்.

பிரேக்கை மறப்பவர்களே அதிகம். டீசல் எஞ்சினில் பிரேக் பூஸ்டருக்குத் தேவையான வேக்கத்தைத் தருவது தனியாக உள்ள ஒரு சிறு பம்ப். புது எஞ்சினில் அது இல்லாவிட்டாலோ, குழாய் சரியாக மாட்டப்படாவிட்டாலோ, பெடல் கல்லாக இறுகிவிடும். மலையிறக்கத்தில் அது உயிருக்கே ஆபத்து.

ஒரே ஆள் முடிக்கும் வேலையல்ல இது. மெக்கானிக், வெல்டர், லேத்காரர், ரேடியேட்டர் கடை, டீசல் பம்பைச் சரிபார்க்கும் பம்ப் ரூம், எலக்ட்ரீஷியன் என்று பல கைகள் மாறி வண்டி வெளியே வருகிறது. டீசலில் பாகங்களைக் கழுவும் கையாளாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றவர்களே பெரும்பாலோர். வரைபடம் இல்லை, அளவுகள் அவர்கள் கையிலும் நினைவிலும் இருக்கின்றன.

சட்டம் இதில் கறாரானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தம், மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வகுத்தது. எனவே எஞ்சின் வாங்குவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, எந்த எஞ்சினுக்கு அனுமதி கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளவேண்டும். புது எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில் ஏறவேண்டும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்கவேண்டும். பட்டறையில் எவ்வளவு திறமாகச் செய்த வேலையானாலும், பதிவு இல்லாத எஞ்சினோடு வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள்.