நியூயார்க் நடைகள் – 6: இரண்டு ஜோசப் மூர்கள்

உலக வர்த்தக மையத்தின் கோபுரங்களைத் தாண்டி ஹட்சன் ஆற்றை நோக்கி நடந்தால், கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு துண்டு வயல் சாய்ந்து கிடக்கிறது. புல்லும் காட்டுச்செடிகளும் மண்டிய மேடு. நம் ஊர் வரப்புகளைப் போல அதைக் குறுக்கும் நெடுக்கும் பிரிக்கும் கற்சுவர்கள். கீழே, கூரையில்லாத ஒரு கல் வீடு. பிரையன் டோல் என்ற சிற்பி வடிவமைத்து, 2002இல் திறக்கப்பட்ட ஐரிஷ் பஞ்ச நினைவிடம் இது.

“கூரை இடிஞ்சு விழுந்துடுச்சுன்னு நினைச்சுடாதீங்க சித்தப்பா, வேணும்னேதான் போடாம விட்டிருக்காங்க” என்றாள் அண்ணன் மகள். ஆற்றுக்கு அக்கரையில் குடியிருப்பவள். இன்று எனக்கு வழித்துணை.

அந்த வீடு அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த நிஜமான வீடு. கல் கல்லாகப் பிரித்துக் கடல் கடத்திக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். பஞ்ச காலத்தில் குத்தகை பாக்கிக்காகக் குடியானவர்களை வெளியேற்றிய நிலக்கிழார்களின் ஆட்கள், கூரையைப் பிரித்துப் போடுவது வழக்கம். போனவர்கள் திரும்பி வந்து ஒண்டிவிடக் கூடாது அல்லவா?

1845இல் உருளைக்கிழங்குச் செடிகளை ஒரு நோய் தாக்கியது. ஏழைகளுக்கு அந்தக் கிழங்கைத் தவிர வேறு உணவே கிடையாது. ஓட்ஸும் கால்நடைகளும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தன. 1852க்குள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதைவிட அதிகமானோர் கப்பலேறினார்கள்.

மேட்டின் மேலுள்ள வயலின் அளவு கால் ஏக்கர். அதற்கு ஒரு காரணம் உண்டு. 1847இல், கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விதித்தது. கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விட்டுவிட வேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்த உறுப்பினர் வில்லியம் கிரிகரி. இலங்கை வாசகர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானதுதான்: 1872 முதல் 1877 வரை அங்கே ஆளுநராக இருந்தவர், கொழும்பு அருங்காட்சியகத்தை உருவாக்கியவர், நுவரெலியாவின் கிரிகரி ஏரிக்குப் பெயர் தந்தவர். லண்டன் கருவூலத்தில் அமர்ந்து பஞ்ச நிவாரணத்தைக் கறாராக அளந்து கொடுத்த சார்லஸ் ட்ரெவெலியனோ 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்து சேர்ந்தார். மேயோவின் கூரையில்லாத வீட்டுக்கும் நமக்கும் இவ்வளவு பக்கத்தில் உறவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அங்கிருந்து கிழக்கே நடந்து கொலம்பஸ் பூங்காவுக்குப் போனோம். இப்போது அது சைனாடவுனின் திண்ணை. சீனத்துத் தாத்தாக்கள் சதுரங்கப் பலகையைச் சுற்றிக் குவிந்திருந்தார்கள். பாட்டிகள் சீட்டாட்டத்தில் மும்முரமாக இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்த இடத்தின் பெயர் ஃபைவ் பாயின்ட்ஸ். அமெரிக்காவிலேயே பேர் கெட்ட சேரி. 1842இல் சார்லஸ் டிக்கன்ஸ் காவலர் துணையோடு வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்து எழுதினார். கப்பலிலிருந்து கையில் காசில்லாமல் இறங்கிய ஐரிஷ்காரர்களுக்கு இங்கேதான் இடம் கிடைத்தது. 1850களின் நடுவில் நகரவாசிகளில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் அயர்லாந்தில் பிறந்தவர்கள்.

அவர்கள் வருவதற்கு முன்பே இங்கே கறுப்பினத்தவர் குடியிருந்தார்கள். இரு சாராரும் ஒரே சந்தில் வசித்தார்கள், ஒரே சாராயக்கடையில் குடித்தார்கள், ஒரே மேடையில் போட்டி போட்டு ஆடினார்கள். ஐரிஷ் ஜிக் ஆட்டமும் ஆப்பிரிக்கக் காலடிகளும் இப்படிக் கலந்துதான் பின்னாளில் டாப் நடனம் உருவானது.

ஆனால் வேலை என்று வந்தபோது கதை வேறு. துறைமுகத்தில் மூட்டை தூக்க, உணவகத்தில் பரிமாற, வீட்டு வேலை செய்ய என்று எல்லா வாசலிலும் இரு சாராரும் மோதிக்கொண்டார்கள். ஐரிஷ்காரர்களுக்கும் மரியாதை ஒன்றும் இல்லை. கத்தோலிக்கர்கள் போப்பின் ஒற்றர்கள் என்று கருதிய கூட்டம் 1844இல் பிலடெல்பியாவில் தேவாலயங்களைக் கொளுத்தியது. நியூயார்க்கில் அது நடக்காதபடி ஆயர் ஜான் ஹியூஸ் ஆயுதம் தரித்த ஐரிஷ்காரர்களைக் காவலுக்கு நிறுத்தினார். மாட் தெருவில் பழைய புனித பேட்ரிக் பேராலயத்தைச் சுற்றி நிற்கும் செங்கல் மதிலைப் பார்த்தால் அந்தக் காலத்துப் பயம் புரிகிறது.

பயந்தவர்களே பிறகு பயமுறுத்தினார்கள். உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 ஜூலையில் கட்டாய ராணுவச் சேர்க்கை வந்தது. 300 டாலர் கட்டினால் விலக்கு. அது பணக்காரனுக்கு மட்டுமே எட்டும் தொகை. அந்த நியாயமான கோபம் நான்கு நாள் கலவரமாக வெடித்து, ஒரு பாவமும் அறியாத கறுப்பினத்தவர் மேல் பாய்ந்தது. பலரை அடித்தே கொன்றார்கள், விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளின் அனாதை இல்லத்துக்குத் தீ வைத்தார்கள். 200க்கும் மேற்பட்ட குழந்தைகள் பின்வாசல் வழியாகத் தப்பினார்கள். கும்பலில் பெரும்பாலோர் ஐரிஷ்காரர்கள். கும்பலை எதிர்த்து நின்ற காவலர்களிலும் நிறையப் பேர் ஐரிஷ்காரர்கள்தான்.

இந்த முடிச்சை மனதில் வைத்துக்கொண்டே ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் வீட்டுக்கு வந்தோம். 1863இல் கட்டிய அடுக்குக் குடியிருப்பு. இப்போது டெனமென்ட் அருங்காட்சியகம். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இருட்டுப் படிகளில் ஏற வேண்டும். 1869இல் இங்கே ஜோசப் மூர், பிரிட்ஜெட் மூர் என்ற ஐரிஷ் தம்பதி குடியிருந்தார்கள். கணவர் உணவகத்தில் பரிமாறுபவர். தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும் கொல்லைப்புறம்தான். அந்த ஆண்டே அவர்களுடைய கைக்குழந்தை ஆக்னஸ் ஊட்டச்சத்துக் குறைவால் இறந்துபோனது. கடல் கடந்து வந்த ஊரிலும் பசி விடவில்லை.

வழிகாட்டி அந்தக் காலத்து நகர முகவரிப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் காட்டினார். அதில் இந்த ஜோசப் மூரை ஒட்டி இன்னொரு ஜோசப் மூர். அவரும் பரிமாறுபவர்தான். ஆனால் அவர் பெயருக்கு அருகில், கறுப்பர் என்பதற்கான சுருக்கக் குறி. நியூஜெர்சியிலிருந்து இந்த நகரத்துக்குப் பிழைக்க வந்தவர். மனைவி பெயர் ரேச்சல். வாழ்ந்தது வேறு தெருவில் என்றாலும், அவர்களுடைய குடித்தனத்தையும் இதே கட்டடத்தின் மேல்தளத்தில் அமைத்து 2023 இறுதியில் திறந்திருக்கிறார்கள்.

“ரெண்டு பேருக்கும் அதே பேரு, அதே வேலை. அப்புறம் என்ன வித்தியாசம் சித்தப்பா?” என்றாள் அண்ணன் மகள்.

வித்தியாசம் வாக்குச்சீட்டில் இருந்தது. ஐந்து ஆண்டுகள் வசித்துக் குடியுரிமை பெற்றுவிட்டால் அயர்லாந்திலிருந்து வந்த மூர் வாக்களிக்கலாம். இந்த மண்ணிலேயே பிறந்த மூருக்கோ 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருந்தால்தான் வாக்கு. நியூயார்க் மாநிலத்தின் அந்தச் சட்டம் 1870 வரை கறுப்பினத்தவருக்கு மட்டும் இருந்தது.

ஐரிஷ்காரர்கள் ஏறிய ஏணிக்கு அந்த வாக்கே முதல் படி. டாமனி ஹால் என்ற ஜனநாயகக் கட்சி அமைப்பின் ஆட்கள் துறைமுகத்துக்கே போய் அவர்களை வரவேற்றார்கள். குடியுரிமைத் தாள், குளிருக்கு நிலக்கரி, காவல் துறையில் வேலை, தீயணைப்புத் துறையில் வேலை என்று வாக்குக்குக் கைமாறு செய்தார்கள். 1880இல் வில்லியம் கிரேஸ் நகரின் முதல் ஐரிஷ் கத்தோலிக்க மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1928இல் ஆல் ஸ்மித் அதிபர் தேர்தலில் நின்று தோற்றார். 1960இல் கென்னடி வென்றார். உழைப்பும் ஒற்றுமையும் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் அதே அளவு உழைத்த இன்னொருவருக்கு அந்த ஏணி சாத்தப்படவே இல்லை.

மேல்தளத்துக் குடித்தனத்தில் ஒரு செய்தி என்னை நிறுத்தியது. கறுப்பின மூர் தம்பதியோடு அதே சிறிய வீட்டைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஓர் ஐரிஷ் பெண்ணும் அவள் மகனும் உண்டு. கலவரம் நடந்து ஏழெட்டு ஆண்டுகள்கூட ஆகாத காலம். ஐரிஷ் மரபைக் கொண்டாடும் மார்ச் மாத ஊர்வலத்தில் கென்னடிக்கு இருக்கும் இடம் அவளுக்கும் இருக்க வேண்டும். கலவரக்காரர்களையும் அதே மரபின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

நாளை படகேறி எல்லிஸ் தீவு. 1892 ஜனவரி 1 அன்று அங்கே முதலில் பதிவான குடியேறி கார்க் மாவட்டத்து இளம்பெண். அவளும் ஒரு மூர், ஆன்னி மூர். வெகுகாலம் வேறொரு பெண்ணை அவள் என்று நம்பிக் கொண்டாடிவிட்டார்கள். உண்மையான ஆன்னி, நாங்கள் இன்று நடந்த தெருக்களுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்து முடித்தவள். அவள் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)