கல்லில் இல்லாத பெயர்கள்

பூந்தமல்லியிலிருந்து பரங்கிமலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், நந்தம்பாக்கத்தில், போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. 1952-இல் நிறுவப்பட்ட இங்கே, இரண்டாம் உலகப் போரில் மாண்ட 850-க்கும் மேற்பட்ட வீரர்கள் நினைவுகூரப்படுகின்றனர். பெயரும் படைப்பிரிவும் மரித்த நாளும் கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன.

அவ்வரிசைகளினூடே நடக்கையில், அதே போரில் கல்லும் பெயருமின்றி மடிந்த நம்மவரை நினைந்தோம். ஆங்கிலேயர் ஆண்ட மலாயாவை 1941 டிசம்பரில் தாக்கிய ஜப்பானியர், 1942 பிப்ரவரிக்குள் சிங்கப்பூர்வரை கைப்பற்றினர். ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த தமிழர் பல்லாயிரவர், ஆசை காட்டியும் வலுக்கட்டாயமாகவும் சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கிருந்து பர்மாவரை 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்குள் பட்டினியும் காலராவும் மலேரியாவும் எண்ணற்றோரைக் காட்டிலேயே வீழ்த்தின.

அங்கே மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம் தொழிலாளருக்கோ முழுமையான பெயர்ப் பட்டியலும் இல்லை. 'சயாம் மரண ரயில்' என்று மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் சொல்லிவரும் நினைவும் அவர்களுக்கு ஒரு நடுகல்.

நம் பங்குக் குடும்பங்களிலும் மலாயா சென்று மீளாதவர் இருக்கலாம். முதியோரிடம் அவர்தம் பெயரைக் கேட்டு இன்றே எழுதி வைப்போம். கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றுகையில் அப்பெயரையும் சொல்லி மன்றாடுவோம்.